இரு கரை ஒற்றுமை

உலகமே பணமுடையில் தத்தளித்த 2009-ஆம் ஆண்டு. கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஜெர்மனியில் ஓர் ஆலை, அமெரிக்காவில் ஓர் ஆலை. இரண்டில் ஒன்றை மூடப்போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது.

அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் வேட் உடனே விமானம் ஏறி ஜெர்மனிக்கு வந்தார். ஜெர்மன் தலைவர் டெட்லெஃப் கூட்டத்தின் நடுவே அவரைக் கட்டிக்கொண்டார்.

“நம்மளை மோதவிட்டு வேடிக்கை பாக்கலாம்னு நெனைக்கிறாங்க தோழர்!” என்றார் வேட்.

“நடக்காது தோழர்! சம்பளத்துல ஒரு காசு விட்டுக்கொடுக்க மாட்டோம். வாழ்ந்தா ரெண்டு பேரும் வாழுவோம்!”

கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது. வேட் கண்கலங்க ஊர் திரும்பினார்.

அடுத்த வாரம் மேலாளர் லிண்ட்ஹோர்ஸ்ட் அம்மையார் டெட்லெஃபைக் கூப்பிட்டனுப்பினார்.

“நல்ல சேதி. உங்க ஆலையை மூடல.”

டெட்லெஃபுக்குப் போன உயிர் திரும்பியது. ஆனாலும் தலை தாழ்ந்தது. “பாவம், வேட்...”

“அதையும் மூடல.”

“எப்படி மேடம்?”

“வேட் ஊர் திரும்ப விமானம் ஏறின அன்னிக்கே நீங்க என்கிட்ட வந்து, ‘பாதிச் சம்பளத்துக்கு உழைக்கிறோம், அமெரிக்க ஆலையை மூடிடுங்க’ன்னு சொன்னீங்கல்ல? அவரும் போய் இறங்கின கையோட, உங்க ஆலையை மூடச்சொல்லி அதையேதான் சொல்லியிருக்காரு. ரெண்டு பக்கமும் பாதிச் சம்பளம்னா நாங்க எதுக்கு மூடணும்?”

டெட்லெஃப் வெளியே வந்ததும் கைபேசி அடித்தது. வேட்தான்.

“பாத்தீங்களா தோழர், நம்ம ஒத்துமையைப் பாத்து நிர்வாகம் மண்டி போட்டுருச்சு!”

டெட்லெஃப் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆமா தோழர். எல்லாம் நம்ம ஒத்துமைதான்.”