மாமனார் பத்தியம்

"இன்னிக்கும் கீரையா?"

தட்டைப் பார்த்ததும் எழிலனுக்குப் பசியே போய்விட்டது. முருங்கைக்கீரைப் பொரியல், பீர்க்கங்காய்க் கூட்டு, ஓரத்தில் வெள்ளரித் துண்டுகள். சோறு மட்டும் பேருக்கு ஒரு கரண்டி.

"ஒக்காருங்க மாப்ள. நீங்களும் சேந்து சாப்புட்டாத்தான் எனக்குத் தொண்டையில எறங்குது" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த மாமனார் வைத்திலிங்கம். உள்ளே திரும்பி மகளுக்கும் குரல் கொடுத்தார். "ஸ்ரீமதி, நீயும் தட்ட எடுத்துக்கிட்டு வாம்மா. ஒண்ணா ஒக்காந்து தின்னாத்தான் பத்தியம் பலிக்கும்!"

எழிலனுக்குச் சிதம்பரம் மேலவீதியில் செல்போன் கடை. மதியம் மீன் வறுவல், ராத்திரி புரோட்டா என்று ராஜா மாதிரி இருந்தவன். முந்திரி சீசன் முடிந்த கையோடு மாமனார் அண்ணாகிராமத்திலிருந்து பெட்டியும் கையுமாக வந்து இறங்கினார். அன்றோடு போயிற்று ராஜ்யம்.

"டாக்டரு சொல்லிட்டாரு மாப்ள. சக்கர வர்ற மாதிரி இருக்குதாம். இப்பலேந்தே காயும் பழமுமா தின்னா மாத்தர கூட வேணாமாம். பொண்ணு வூட்டுல இருந்தாத்தான் வாயக் கட்ட முடியும்."

மாமனார் வார்த்தையைத் தட்ட முடியுமா? வறுவல் சட்டி பரணுக்குப் போயிற்று. காலையில் கொய்யாப்பழம், சாயந்தரம் சுண்டல் என்று வீடே மாறிவிட்டது.

மார்க்கெட்டுக்கும் எழிலன்தான் பைக்கில் கூட்டிப் போக வேண்டும். ஒவ்வொரு வெண்டைக்காயாக நுனியை ஒடித்துப் பார்த்து, கடைக்காரம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே கூடையை நிரப்புவார் மாமனார்.

"உங்கப்பாவுக்குப் பத்தியம்னா, நான் என்னடி பாவம் பண்ணேன்?" என்று மனைவியிடம் புலம்பினான் எழிலன்.

"மெதுவா பேசுங்க, அவரு காதுல விழப்போவுது. பெரியவரு ஆசயா கேக்குறாரு. நாமளும் சேந்து சாப்புட்டாத்தான் என்னவாம்?"

பேன்ட் கொஞ்சம் லூசாகியிருந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதும் நின்றிருந்தது. ஆனால் அதை ஒத்துக்கொண்டால் நாளைக்குப் பாகற்காயும் வந்து சேரும் என்று எழிலன் வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், "முந்திரிக் கொல்லைய ஒரு பார்வ பாத்துட்டு வந்துர்றேன்" என்று மாமனார் ஊருக்குக் கிளம்புவார். கிளம்பும்போதே, "நான் இல்லன்னு சமையல மாத்திடாதீங்க. மீன் வாசன வீட்டுல நின்னா அப்பறம் என்னால வாயக் கட்ட முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

ஒரு திங்கட்கிழமை, ஸ்ரீமதியின் தம்பி இளவரசு கடைக்கு வந்தான்.

"வா மச்சான். போவும்போது உங்கப்பாவயும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிடு. அவரு பத்தியத்துல நான் பாதியாயிட்டேன்."

"பத்தியமா? யாருக்கு மாமா?"

"அவருக்குத்தான். சக்கர வரப்போவுதாமே?"

இளவரசு விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பாவுக்கா? இந்த வயசுலயும் ஒடம்பு கல்லு மாதிரி இருக்குன்னு டாக்டரே சொன்னாரு. நேத்துகூட வூட்டுல கறிக்கொழம்பு ரெண்டு தடவ ஊத்திக்கிட்டாரு. ஈரல் வறுவல் பத்தலன்னு அம்மாகிட்ட சண்ட வேற!"

எழிலனுக்குச் சுள்ளென்று ஏறியது. 'அங்க கறிக்கொழம்பு, எனக்கு மட்டும் பீர்க்கங்காயா?'

கடையை அப்போதே சாத்தினான். வழியில் மட்டன் பிரியாணி பார்சல் கட்டிக்கொண்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் மாமனார் முன்னால் தொப்பென்று வைத்தான்.

"சாப்புடுங்க மாமா. ஈரல் வறுவலும் சேத்து வாங்கியாந்துருக்கேன்."

கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்த வைத்திலிங்கத்தின் கை நின்றது.

"இளவரசு வந்தானா?"

"வந்தான். எல்லாத்தயும் சொன்னான். உங்களுக்குத்தான் ஒண்ணுமே இல்லயே, எதுக்கு மாமா இந்த நாடகம்? இந்த வீட்டுல மனுசன் வாய்க்கு ருசியா சாப்புட்டு எத்தன நாளாச்சு!"

"சத்தம் போடாதீங்க மாப்ள." வைத்திலிங்கம் எழுந்துபோய் மாடிப்படியை எட்டிப் பார்த்தார். மேலே ஸ்ரீமதி துணி எடுத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"திருவிழாவுக்கு ஊருக்கு வந்தப்ப ஸ்ரீமதி தலசுத்தி விழுந்துடுச்சு. நான்தான் டாக்டருகிட்ட இட்டுக்கிட்டுப் போனேன். சக்கர வரப்போவுதுன்னு அவரு சொன்னது எனக்கில்ல மாப்ள, அதுக்கு."

எழிலன் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மாமா?"

"சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டயும் சத்தியம் வாங்கிடுச்சு. 'எனக்கு ஒருத்திக்காவ அவரு எதுக்குப்பா வாயக் கட்டணும், நான் இருக்குறத தின்னுட்டுப் போறேன்'னுச்சு. பொண்டாட்டிக்குப் பத்தியம்னா எந்த வூட்டுலயும் கொழம்பு மாறாது, மாமனாருக்குன்னா வீடே மாறிடும்னுதான் நானே சக்கரக்காரனா வந்து ஒக்காந்துட்டேன்!"