ஒரு நொடிச் சிரிப்பு

இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள் மஞ்சுளா.

அது இளஞ்செழியனின் சிரிப்பு. அவளுடைய அண்ணன்.

கூடத்தில் அவன் படத்துக்கு அப்பா மாலை போட்டுக்கொண்டிருந்தார். அவன் போய்ச் சேர்ந்து இன்றோடு நாலு வருஷம்.

கம்ப்யூட்டரில் டிராக்கர் திறந்தபடியே கிடந்தது. துண்டு துண்டான சத்தங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிப் பாட்டு கட்டுகிற செயலி அது. எந்தெந்த மூலையிலோ இருக்கும் கொஞ்சம் பேர் அதை வைத்து மாதாமாதம் போட்டி நடத்துவார்கள். இந்த மாதத்து நிபந்தனை கடுமையானது. ஆளுக்கொரு சத்தம் அனுப்ப வேண்டும். ஒரு நொடியைத் தாண்டக்கூடாது. எல்லோர் சத்தமும் ஒரே மூட்டையாக வரும். அதற்கு வெளியே வேறு எதையும் தொடக்கூடாது. எது யாருடையது என்றும் சொல்ல மாட்டார்கள்.

பூட்டு திறக்கும் சத்தம், தண்ணீர்க் குழாய், யார் வீட்டு நாயோ ஒன்று என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே வந்தவளுக்கு, நடுவில் இது.

மறுபடி தட்டினாள்.

கடகடவென்று எழும்பி, முடிகிறபோது மூக்கால் ஓர் இழுப்பு இழுக்கும் சிரிப்பு. அந்த இழுப்பைக் கேட்பதற்காகவே வகுப்பில் அவனைச் சிரிக்கவைத்து, வாத்தியாரிடம் அடி வாங்கித் தருவார்கள்.

மனசு ஒரு வழியைத் தேடியது. பழைய பதிவாக இருக்கும். அண்ணனும் அவளும் சேர்ந்துதானே இந்தக் கிறுக்கில் விழுந்தார்கள்? அவனுடைய சிநேகிதன் எவனாவது, எப்போதோ எடுத்து வைத்திருந்ததை இப்போது அனுப்பியிருப்பான்.

அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் ஏதோ ஒன்று வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்த வாலை மட்டும் வெட்டி எடுத்தாள். இரைச்சலைக் குறைத்து, ஒலியைக் கூட்டி, ஓடவிட்டாள்.

ஒரு பெண்குரல்.

"ஷாமி."

மஞ்சுளா அதையே மறுபடி ஓடவிட்டாள்.

அம்மா பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவாள். போன ஐப்பசி மழையில் வாசலில் வழுக்கி விழுந்து, முன்பற்கள் இரண்டும் போன பிறகுதான் அது ஷாமி ஆயிற்று.

போன ஐப்பசி. அண்ணனை எரித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது அப்போது.

அமாவாசைக்கு அமாவாசை அம்மா பஸ் ஏறி சேந்தமங்கலம் போய் வருவாள். கோயிலுக்கு என்பாள். துணைக்கு யாரும் வேண்டாம் என்பாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், போய் அழுதுவிட்டாவது வரட்டும் என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

மஞ்சுளா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அம்மா ஆராயி, இலை போட்டுப் படையலுக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அண்ணன் நல்லாருக்கானா?"

கரண்டி அப்படியே நின்றது. ஆராயி மகளைப் பார்க்கவில்லை. முதலில் கூடத்தைத்தான் எட்டிப் பார்த்தாள். படத்துக்கு முன்னால் அப்பா மாரியப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மெதுவாப் பேசு. உங்கொப்பனுக்குத் தண்ணி போட்டா வாய் நிக்காது," என்றாள். பிறகு இன்னும் தணிந்த குரலில், "பொட்டப்புள்ள பொறந்து ரெண்டு வருஷமாச்சு."

மஞ்சுளா கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

அண்ணனும் அவன் காதலித்த அனிதாவும் சொல்லாமல் கொள்ளாமல் போனபோது, அனிதா வீட்டு ஆட்கள் அரிவாளோடு வந்து நின்றது இந்த வாசலில்தான். எங்கே கிடைத்தாலும் அவனை வெட்டாமல் விடமாட்டோம் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் காவிரியில் ஓர் உடல் ஒதுங்கியது. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஆற்றில் குதித்திருக்கிறார்கள், அவள் உடல்தான் கிடைக்கவில்லை என்று ஊர் முடிவு கட்டியது. அதற்குப் பிறகு அந்த ஆட்கள் இந்தப் பக்கமே வரவில்லை.

அண்ணன் இருக்கிறான். ஒரு குழந்தைக்கு அப்பனாக, சிரித்துக்கொண்டு, இருக்கிறான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வந்தவை பாதியிலேயே நின்றுவிட்டன.

அப்பா பவானியில் கரைத்தாரே, அந்தச் சாம்பல்?

அன்றைக்குப் பிணவறை வாசலிலேயே அப்பா மயங்கி விழுந்துவிட்டார். அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மஞ்சுளாவும் வெளியிலேயே இருந்துவிட்டாள். உள்ளே போனது அம்மா ஒருத்திதான். வெளியே வந்து, கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல், போலீஸ்காரரிடம் "என்ற பையன்தானுங்க" என்று சொன்னாள்.

"அப்ப இந்தப் படையல் யாருக்கும்மா?"

ஆராயி ஒரு வடையை எடுத்து இலையில் வைத்தாள். வைத்த இடம் பிடிக்கவில்லையோ என்னவோ, மறுபடி எடுத்து வேறு இடத்தில் வைத்தாள். அவள் கண் கலங்கி மஞ்சுளா பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பேரு தெரியாது ஷாமி," என்றாள். "உங்கண்ணனாட்டத்தான் இருந்தான். அவன் ஆத்தாக்காரி இன்னுந் தேடிட்டுத்தான் இருப்பா."