நாலு மணிக்குள் ஒற்றுமை

"இன்னைக்கு நாலு மணிக்குள்ள எல்லாரும் ஒரே எடிட்டருக்கு வந்தாகணும். இல்லேன்னா அடுத்த மாசம் இந்த ஆபீசே இருக்காது!" என்றான் மத்வேஷ்.

பசவனகுடியில் நின்றபடியே சாப்பிடும் தர்ஷினி ஓட்டல் ஒன்றின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். மத்வேஷ்தான் முதலாளி. அவனையும் சேர்த்து மொத்தமே நாலு பேர். ஒன்றரை வருடமாக இரவு பகல் பாராமல் புரோகிராம் எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். புரோகிராம் எழுதுவதற்கு எடிட்டர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். தகராறே அதில்தான். நாலு பேரும் நாலு எடிட்டர் வைத்திருந்தார்கள்.

கம்பெனியில் பணம் போடுவதாக இருந்த வசுந்தரா காமத் போன மாதம் வந்தபோது இதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டார். "என்ன மத்வேஷ், ஆளுக்கொண்ணு வெச்சிருக்கீங்க? அடுத்த தடவை வர்றப்ப எல்லாத் திரையிலயும் ஒரே எடிட்டரைத்தான் பார்க்கணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கு நாலு மணிக்கு அவர் மறுபடி வருகிறார். அவர் கையை விரித்துவிட்டால், மத்வேஷ் உதறிவிட்டு வந்த பழைய வேலையைக் கேட்டுப் பழைய மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்த ஆள் சிரிக்கப் போகிற சிரிப்பு மத்வேஷின் காதில் இப்போதே கேட்டது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு குரு? எல்லாரும் என் விம் எடிட்டருக்கு வந்துடுங்க" என்றான், யாரையும் 'குரு' என்றே கூப்பிடும் சுதீந்திரா. விம்முக்குக் கீபோர்டே போதும் என்பதால், அவன் மவுசைத் தொட்டே ஆறு வருடம் ஆகிறது. அடுத்தவர் மவுஸ் தெரியாமல் கையில் பட்டுவிட்டால்கூட எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருகிற அளவுக்கு மடி ஆச்சாரம்.

"விம்முல ஒரு எழுத்து அடிக்கணும்னாகூட முதல்ல ஒரு பட்டனைத் தட்டி அதுகிட்ட அனுமதி வாங்கணும் மாராயா" என்றான் சிர்சிக்காரன் ஹெக்டே. "என் ஈமேக்ஸ் எடிட்டரைப் பாரு. பதினோரு வருஷமா செதுக்கி வெச்சிருக்கேன். கல்யாணத்தன்னிக்குக் காலையிலகூட ரெண்டு வரி சேர்த்துட்டுத்தான் மணையில உட்கார்ந்தேன்."

"அதான் தெரியுமே. அலங்காரம் முடிஞ்சு சாமி எப்ப புறப்படும்னுதான் நாங்களும் காத்துக்கிட்டிருக்கோம்" என்றான் சுதீந்திரா.

ஹெக்டேயின் முகம் சிவந்தது. ஸ்பூர்த்தி குறுக்கே வந்தாள்.

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. பேசாம என்னோடதையே எல்லாரும் வெச்சுக்கலாம். உலகமே அதைத்தானே உபயோகிக்குது?"

"உலகமே சில்க் போர்டு சிக்னல் டிராஃபிக்லயும்தான் மணிக்கணக்கா நிக்குது. அதுக்காக நாமளும் போய் நிக்கணுமா?" என்றான் சுதீந்திரா.

"சரி, ஓட்டுப் போட்டுடலாம்" என்றான் மத்வேஷ்.

ஓட்டெடுப்பு முறைப்படி நடந்தது. நாலு எடிட்டருக்கும் தலா ஒரு ஓட்டு விழுந்தது. நாலாவது ஓட்டு, பழைய கம்பெனியில் பழகிய எடிட்டரை இன்னும் விடாத மத்வேஷ் போட்டது.

கீழேயிருந்து, ஒன்றை இருவர் பங்கு போட்டுக் குடிக்கும் பை-டூ காபி ரெண்டு வந்தது. காபிக்குப் பிறகு, எந்த எடிட்டராக இருந்தாலும் பின்னணி கறுப்பா வெள்ளையா என்று புதிதாக ஒரு சண்டை ஆரம்பித்தது. வெள்ளைப் பின்னணி வைத்திருப்பவன் வீட்டில் காபித் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் என்றான் ஹெக்டே. மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவே இல்லை. மணி மூன்றரை ஆனது.

"கடவுளே! இதுல யாராவது ஒருத்தர் விட்டுக் கொடுங்கப்பா" என்று மத்வேஷ் கெஞ்சினான்.

"நான் விட்டுக் கொடுத்தா அவன் ஜெயிச்சதா ஆயிடும்" என்று சுதீந்திராவும் ஹெக்டேயும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள்.

ஸ்பூர்த்தி தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப, நம்ம நாலு பேருக்குமே பிடிக்காத எடிட்டர் ஏதாவது இருக்கா?"

"நோட்பேட்!" என்றன மற்ற மூன்று வாய்களும் ஒரே நேரத்தில். ஒன்றரை வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

கம்ப்யூட்டரோடு சும்மா வருகிற, பால் கணக்கு எழுதத்தான் லாயக்கு என்று அவர்களே கேலி செய்கிற நோட்பேட், நாலு திரைகளிலும் திறக்கப்பட்டது. சுதீந்திரா கண்ணை மூடிக்கொண்டு மவுசைப் பிடித்தான். ஹெக்டேயின் கண்கள் கலங்கியே விட்டன. ஆனாலும் யாரும் ஜெயிக்கவில்லை என்பதில் எல்லோருக்கும் ஒரு திருப்தி இருந்தது.

சரியாக நாலு மணிக்கு வசுந்தரா காமத் வந்தார். வந்ததும் வராததுமாகத் திரைகளைத்தான் பார்த்தார். முதல் திரை. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது. மத்வேஷ் பின்னாலேயே நடந்தான்.

"நாலுலயும் நோட்பேடா?" என்றார்.

"ஆமா மேடம்!" மத்வேஷுக்குப் பெருமை தாங்கவில்லை. "நீங்க சொன்னபடியே எல்லாத் திரையிலயும் ஒரே எடிட்டர். ஒற்றுமைன்னா எங்க ஆபீஸ்தான்."

காமத் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"ஒற்றுமை எல்லாம் சரி மத்வேஷ். இனிமே உலகத்துல எந்த புரோகிராமருக்கும் வேற எடிட்டரே தேவைப்படாதுன்னு சொல்லி, ஒன்றரை வருஷமா நீங்க நாலு பேரும் சேர்ந்து ஒரு எடிட்டர் தயார் பண்றீங்களே... அதை ஏன் உங்கள்ல ஒருத்தர்கூட வெச்சுக்கல?"