அலையில்லாத தண்ணீர்

கடலில் அலையே இல்லை.

இருளாண்டி கரையிலேயே நின்றுவிட்டான். அலை இருக்கும் என்று நம்பித்தானே, பாவி மனுஷன், பெண்டாட்டி குருவம்மாளை இவ்வளவு தூரம் பஸ் ஏற்றிக் கூட்டிவந்தான்!

மகள் மாரிசெல்வி செத்து வருசம் திரும்பிவிட்டது. தை அமாவாசைக்கு முங்கி எழ ஊர்க் கண்மாயே போதும் என்றார்கள். கண்மாய்த் தண்ணீர் ஆடாமல் கிடக்கும், முகம் தெரியும். கடல் புரண்டுகொண்டே இருக்கும், ஒன்றும் தெரியாது என்று நினைத்தான். அமாவாசையன்று கடல் வற்றி உள்ளே போகும் என்று நாரணாபுரத்துக் கரிசல்காட்டானுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மணல்திட்டு எழும்பிக் கிடந்தது. அதன்மேல் கணுக்கால் அளவு தண்ணீர். வானம் அப்படியே அதற்குள் இருந்தது, ஒரு மேகம் குறையாமல். முங்க வேண்டுமானால் இதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

போன வருசம் பொங்கல் கழிந்த வாரம், பட்டாசு கம்பெனியில் தாயும் மகளும் ஒரே அறையில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். அறை வெடித்தது. குருவம்மாள் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, வேறொரு முகத்தோடு வீடு வந்தாள். அவள் வருமுன்பே அவன் கண்ணாடிகளை அள்ளிப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டான். பீரோக் கண்ணாடிமேல் காலண்டரை ஒட்டினான். அவள் நெற்றிக்குப் பொட்டைக்கூட அவன்தான் வைத்துவிடுவான்.

வந்த அன்று அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அடக்கம் பண்ணும்போது மகள் முகம் எப்படி இருந்தது?

"தூங்குற மாதிரி இருந்தா" என்றான். அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

இப்போது அவன் முன்னால் நடந்தான். காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே போனான்.

"எதுக்கு இம்புட்டுப் பாடு? செத்த நேரம் அசையாம நில்லுங்க" என்றாள் குருவம்மாள்.

நின்றான். தண்ணீர் தெளிந்தது. அவள் குனிந்தாள்.

பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டான். இதோ அலறப்போகிறாள், இதோ, என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்தான். அவள் மண்டியிட்டிருந்தாள். தண்ணீரில் தெரிந்த கன்னத்துக்கு மேலே, தொட்டால் கலைந்துவிடும் என்று தொடாமல், விரலை வைத்திருந்தாள்.

"பொய் சொல்லாம சொல்லுங்க. எம் பிள்ள இப்பிடித்தான இருந்தா?"