ஒத்தையா, ரெட்டையா

பொங்கலன்று மதியம் சுகிர்தாவின் தம்பி மகிழன், பிள்ளைகள் முன்னால் மூடிய கையை நீட்டினான். உள்ளே இருக்கும் புளியங்கொட்டைகள் ஒத்தையா, ரெட்டையா என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்பவரைப் பைக்கில் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போவான். அப்பா வருஷாவருஷம் ஆடிய ஆட்டம். சிறுவயதில் சுகிர்தா ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

மகிழனின் மகன் முதல் தடவையே ஜெயித்தான். சுகிர்தாவின் மகள் இலக்கியா மூன்றாம் முறையும் தோற்றபோது, தம்பியின் விரலிடுக்கில் ஒரு கொட்டை ஒளிந்திருப்பதை சுகிர்தா பார்த்துவிட்டாள். பாய்ந்து அவன் மணிக்கட்டை முறுக்கினாள். கொட்டை கீழே விழுந்தது.

“விடுக்கா, விளையாட்டுதானே! அப்பாவும் உன்கிட்ட இப்படித்தானே பண்ணுவாரு. எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.”

“எனக்கு ராசியில்லன்னுல்ல சொன்னாரு!”

முப்பது வருஷமாக அவள் அதை நம்பியிருந்தாள். பிடித்த கையை அவள் விடவில்லை.

இலக்கியா கொட்டைகளைப் பொறுக்கித் தன் கையை மூடி நீட்டினாள்.

“இப்ப நீங்க சொல்லுங்க மாமா.”

“ஒத்தை.”

“தோத்துட்டீங்க.”

“கையைத் தொறந்து காட்டு பாப்பா.”

இலக்கியா அம்மாவைப் பார்த்தாள்.

“தொறக்காத” என்றாள் சுகிர்தா.