பதிவு செய்யாத காக்கை

காக்கைகள் அற்றுப்போய் ஒன்பது வருஷம். அமாவாசைப் படையலுக்குப் பதிவு செய்தால், பன்னிரண்டு மணிக்குக் கம்பெனியின் இயந்திரக் காக்கை வரும். இன்று பதினொன்றரைக்கே மொட்டைமாடிச் சுவரில் ஒன்று வந்து உட்கார, வடிவாம்பாளுக்குச் சந்தேகம் தட்டியது.

“நம்ம காக்கா இல்லைங்க. எவனோ வேவு பார்க்க அனுப்பியிருக்கான்.”

“சோத்துல வாய் வைக்கட்டும், பார்த்துக்கறேன்,” என்று கணவன் துரைக்கண்ணு கம்பை எடுத்தான்.

அது வாய் வைக்கவில்லை. நாலு பக்கமும் பார்த்துக் கரைந்தது. கம்பெனிக் காக்கை வந்ததும் கொத்தும். இனத்தைக் கூப்பிடத் தெரியாது.

“கம்பைக் கீழ போடுங்க. இது நிஜம்.”

பன்னிரண்டுக்குக் கம்பெனிக் காக்கை இறங்கியது. நிஜக் காக்கை கரைவதை நிறுத்தி, அதை ஒட்டி உட்கார்ந்தது. மூன்று வாய் கொத்திவிட்டு இயந்திரம் பறந்தது. வடிவாம்பாள் “கா, கா” என்று கெஞ்சக் கெஞ்ச, ஒரு பருக்கைகூடத் தொடாமல் மற்றதும் அதன் பின்னாலேயே போயிற்று.