நூறு மணி நேரம்

“வருசத்துக்கு வாங்குன நூறு மணி நேர இன்டர்நெட்டு இருபதே நாள்ல தீந்துபோச்சு. பாஸ்வேர்டை ஊரெல்லாம் சொல்லிப்போட்டயா?” பனியன் கம்பெனி முதலாளி கிட்டுசாமி, கம்ப்யூட்டர் பார்க்கும் நசீம் பானுவிடம் ஏளனமாகக் கேட்டார்.

“யாருக்கும் சொல்லலீங்க.”

“ரகசியம் காக்கறதுக்கெல்லாம் புத்தி வேணும்.”

இணைப்பு கொடுத்த அலுவலகத்திலிருந்து பதிவுத்தாள் வந்தது. பதினேழு ஃபோன் நம்பர்களிலிருந்து டயல் செய்து முதலாளியின் இணைப்பில் நுழைந்திருந்தார்கள். எல்லோரும் முதல் தடவையிலேயே சரியான பாஸ்வேர்டு போட்டிருந்தார்கள்.

நம்பர்களையும் அவற்றின் பெயர்களையும் பார்த்த முதலாளி குழம்பினார். “எல்லாம் நமக்குத் தெரிஞ்சவங்கதான். போன மாசம் கண்காட்சியில பாத்தனே.”

நசீம் பானு, கண்காட்சிக்காக அவரே எழுதிக்கொடுத்து அச்சடித்த விசிட்டிங் கார்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

முகவரி, ஃபோன், ஃபேக்ஸ், யூசர் நேம் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசி வரியில், தங்க எழுத்தில், பாஸ்வேர்டு.